பத்து மணி நேரக் காது

ஜூலை 8, செவ்வாய்

மழை. விடியக் கிளம்பிக் கொழும்பு போய் இப்போதுதான் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குத் திரும்பினோம். அப்பாவின் குடை பஸ்ஸிலேயே போய்விட்டது. அம்மா அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

புது நோட்புக் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். நான் ‘காது’ என்று எழுதினால் அது மெஷின். நாலு வயதில் ஒப்பரேஷன் செய்து தலைக்குள் ஒன்றை வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் இன்னொன்று, அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் காந்த வட்டம். வட்டம் தலையில் ஒட்டியிருந்தால் கேட்கும். எடுத்தால் ஒன்றுமே கேட்காது.

கிளினிக் மேடம் காதைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினார். கோடு கோடாக வந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"பிள்ளை, ஒரு நாளைக்கு அஞ்சு மணித்தியாலம்தான் போட்டிருக்கிறீர். பின்னேரம் எண்டால் ஒவ்வொரு நாளும் கழட்டியிருக்கிறீர். ஏன்?"

மழை என்றேன். தகரக் கூரையில் மழை விழுந்தால் தலைக்குள் ஆணிப் பெட்டியைக் கவிழ்த்த மாதிரி. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதி: புத்தகம் படிக்கத்தான் கழற்றுகிறேன். எங்கள் காம்பரா, லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்று: டிவி, அடுப்பு, அம்மா. சுவருக்கு அந்தப் பக்கம் பவானி அத்தை. வட்டத்தை எடுத்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து வெளியே போய்விட்ட மாதிரி. இதை யாரிடமும் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். ஓ.எல். பரீட்சை ரிசல்ட் நல்லது. அடுத்த இரண்டு வருஷத்துக்கு டவுன் ஸ்கூலில் ஏ.எல். கலைப் பிரிவு கேட்டிருக்கிறோம். அங்கே லைப்ரரிக்குத் தனி அறை. (எங்கள் ஸ்கூலில் ஒரு அலுமாரி. சாவி காணாமல் போய் இரண்டு வருஷம்.) ஆனால் வைஸ் பிரின்சிபல் அப்பாவிடம் சொன்னது: "வகுப்புல அம்பது பிள்ளைங்க. காது கேக்காத பிள்ளைய நான் எப்படிப் பொறுப்பெடுக்கிறது? வகுப்புல பேசுறது வெளங்கும்னு ஒரு கடிதம் கொண்டு வாங்க, மாசம் முடியிறதுக்குள்ள."

மேடம் சொன்னது: "ரெண்டு கிழமை. ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம். சும்மா ஒரு மூலையில இருந்தால் காணாது. ஆக்கள் கதைக்கிற இடத்தில இருக்க வேணும். மெஷின் கணக்கு வச்சிருக்கும். இருபத்திரண்டாம் திகதி வாங்கோ, பார்த்திட்டுக் கடிதம் தாறன்."

மெஷின் சத்தத்தை ஆறாகப் பிரிக்குமாம்: அமைதி (அ), பேச்சு (பே), இரைச்சலில் பேச்சு (இ.பே), வெறும் இரைச்சல் (இ), இசை, காற்று. எனக்கு வேண்டியது பே, இ.பே.

ஆக, லைப்ரரி வேண்டுமானால் இரண்டு வாரத்துக்கு நிம்மதியாகப் படிக்க முடியாது. யோசித்தால் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் அழுகையும்.

ஜூலை 9, புதன்

மழை, வெயில், மறுபடி மழை. 6.10க்குக் காதைப் போட்டேன்.

பீலியில் தண்ணீர் பிடித்தல் (இ.பே). அம்மா கொழுந்தெடுக்கப் போன பிறகு வீடு (அ). பத்து மணிக்குப் பாட்டுப் போட்டுப் பாண் ரொட்டி விற்கிற ஆட்டோ (இசை, ஒரு நிமிஷம்). பிறகு மழை (இ, இரண்டு மணி நேரம், பல்லைக் கடித்துக்கொண்டு).

காதோடு படித்துப் பார்த்தேன். ஒரு கண்டுபிடிப்பு. பக்கத்தைத் திருப்பினால் சத்தம் வருகிறது! காய்ந்த இலையை விரலால் தள்ளின மாதிரி. பதினாறு வயது வரை இது எனக்குத் தெரியாது. நாற்பது தடவை திருப்பிப் பார்த்தேன். கதை ஒன்றும் ஏறவில்லை.

சாயங்காலம் டீ குடிக்கும்போது அப்பா ஒரு யோசனை சொன்னார்.

"நீ ஏன் கஷ்டப்படுற? மெஷினைக் கழட்டி டிவிக்குப் பக்கத்துல வச்சிட்டு நீ பாட்டுக்குப் படி. மணி ஓடிக்கிட்டே இருக்கும்ல?"

"தலையில ஒட்டலைன்னா அதுக்குத் தெரிஞ்சிரும்ப்பா."

"அம்மா தலையில ஒட்டினா?"

"வேற தலைன்னும் தெரியும்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "யாரு தலைன்னுகூடத் தெரியுதா!"

அதே முகத்தோடு ஃபெக்டரிக்கு ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனார்.

ஜூலை 10, வியாழன்

மப்பு. மழை இல்லை.

பீலிக்குப் போனேன். பேச்சு நின்றது. குடம் நிறைகிற சத்தம் மட்டும். பவானி அத்தையும் இருந்தார். மூன்று லயத்திலும் அவர் அளவுக்கு வாய் உள்ள ஆள் இல்லை. வைய ஆரம்பித்தால் கங்காணிமாரே ஒதுங்கி வழிவிடுவார்கள். அவர் என்னைப் பார்த்து, "வாங்கம்மா சுகன்யா. நலமா?" என்றார்.

நலமா! வழக்கமாக: "என்னாடி பொஸ்தகப் பூச்சி, தள்ளி நில்லு."

மத்தியானம்தான் விளங்கியது. அப்பா நேற்று ராத்திரி ஷிஃப்டில், ஃபெக்டரியில் சொல்லியிருக்கிறார்: கம்ப்யூட்டரில் மாட்டின உடனே மகள் எந்த நேரத்தில் என்ன செய்தாள் என்று மேடம் கடகடவென்று சொல்லிவிட்டார், யார் தலை என்பதுகூட அதுக்குத் தெரியும். ஃபெக்டரியிலிருந்து லயத்துக்கு ஏறி வருவதற்குள் அது இப்படி ஆகிவிட்டது: சுகி பக்கத்தில் யார் என்ன பேசினாலும் 22ஆம் திகதி கொழும்பில் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள்.

அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னேன். "பேசுறது எதையும் அது வச்சிருக்காதும்மா. எந்த மாதிரிச் சத்தம், எவ்வளவு நேரம், அவ்வளவுதான்."

"சரிம்மா கண்ணு. நீ சொன்னா சரிதான்."

அம்மா என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை.

ஜூலை 11, வெள்ளி

தூறல். அட்டைக் கடி இரண்டு (இடது கால்).

அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன சாக்கில், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலேயே நின்றுவிட்டேன். நாற்பது பொம்பளைகள், தராசு, கணக்கப்பிள்ளை. அருமையான இ.பே கிடைக்கும் என்று எண்ணம். கணக்கப்பிள்ளை வழக்கமாக, "ஏய் எருமை, தூங்கிக்கிட்டா எடுத்த? சுருக்கா வா!" இன்றைக்கு என் தலையில் வட்டத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அடுத்தது யாருங்க? வாங்கம்மா. மெதுவா வாங்க, வழுக்கும்."

வரிசையில் ஒரு அக்கா கூடையைக் கீழே போட்டுவிட்டார்.

நாற்பது பேரும் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றதால் மடுவமே கப்சிப். (அ). எனக்கு நஷ்டம். ஆனால் போகும்போது நாலைந்து பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நாளைக்கும் வா புள்ள. தெனம் வா."

சாயங்காலம் மனு கொடுக்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். நான் காம்பராவுக்கு முன்னால், இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவராக வந்து வட்டத்துக்கு நேரே குனிந்து:

– "மேடம், மேல் லயத்துக்கு மூணு மாசமா தண்ணி இல்லீங்க."

– "கூரைத் தகரம் மாத்தித் தாறோம்னு வந்து அளந்தாங்க மேடம். அளந்த ஆளையும் காணோம்."

– "என் மகனுக்கு ஒரு வேலைங்க." (முழுப் பேர், அடையாள அட்டை நம்பர், இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்தி.)

– கடைக்கார நந்தா அக்கா: "மேக்கட்ட சிங்ஹல தேரெனவத?" இதுக்குச் சிங்களம் விளங்குமா என்று. எல்லா பாஷையும் இதுக்கு ஒன்றுதான் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். "ஹரி, ஹரி" (சரி, சரி) என்று எழுந்து போய்விட்டார். என்ன சொல்ல வந்தாரோ.

வட்டத்தில் மைக் இல்லை, மைக் காதுக்குப் பின்னால் இருக்கிறது என்று ஒரு மாமாவைத் திருத்தினேன். அது பெரிய பிழை. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் பின்பக்கமாக வந்து பேசினார்கள். இரண்டு தடவை திடுக்கிட்டு விழப் பார்த்தேன்.

ஜூலை 12, சனி

மழை. கரண்ட் இல்லை. இரண்டாவது பேட்டரியைச் சார்ஜ் ஏற்ற ஃபெக்டரிக்குக் கொடுத்தனுப்பினோம்.

மனுக்கள் முடிந்தன. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள யாரும் தயாராக இல்லை. நான் வந்தால் லயம் முழுக்க வாயை மூடிக்கொள்கிறது. கடைசிக் காம்பரா அண்ணனும் அண்ணியும் சண்டை போட வேண்டுமானால் தேயிலைக்குள் இறங்கிப் போய்ப் போட்டுவிட்டு வருகிறார்கள். மழையில். ஒரே குடையில்.

இன்றைய கணக்கு: மொத்தம் பதினொரு மணி நேரம். அ 6. இ (மழை) 4. பே ஒரு மணிக்கும் குறைவு, அதிலும் பாதி "கண்ணு, சாப்பிடும்மா."

மேடம் இதைப் பார்த்தால் மூலையில் உட்கார்ந்திருந்தாள் என்றுதான் நினைப்பார். கடிதம் வராது. கடிதம் வராவிட்டால் டவுன் ஸ்கூல் இல்லை. நான் பேசப் பழகுவதற்கு முன்னால் இந்த லயத்தில் எல்லாரும் எனக்குப் பேச்சுக் காட்டினார்கள், கையைத் தட்டி, தகரத்தைத் தட்டி. இப்போது தேவையான நேரத்தில் ஊமையாகிவிட்டார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில்!

கோயில் முன்னால் கூட்டம் இருந்தது. படியில் ஏறி நின்று சொன்னேன். "எல்லாரும் கேளுங்க. இது டேப் ரெக்கார்டர் இல்ல. யாரு பேசுறதும் இதுல நிக்காது. தயவுசெஞ்சு எப்பவும் போலப் பேசுங்க."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க."

இன்னொருவர்: "சி.ஐ.டி. காரன் நான் சி.ஐ.டி.ன்னு சொல்லிக்கிட்டா வருவான்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். படியிலிருந்து இறங்கினேன்.

பேச்சைத் தேடி அம்மாவோடு ஓப்பநாயக்க டவுனுக்குப் போனேன். பஸ்ஸில் வட்டம் தலையை விட்டு எழும்பி, மேலே பிடித்துக்கொள்கிற கம்பியில் ஒட்டிக்கொண்டது. நான் காதில் கட்டிப்போட்ட ஆடு மாதிரி வயரோடு அண்ணாந்து நின்றேன். கண்டக்டர் பிய்த்துக் கொடுத்தார். டவுனில் யாருக்கும் என்னைத் தெரியாது. மீன் கடை, மரக்கறிக் கடை, லொத்தர் சீட்டு விற்கிறவர், எல்லாரும் கத்தினார்கள். இ.பே, இரண்டரை மணி நேரம். சொர்க்கம். தினமும் போக முடியாது.

ஜூலை 15, செவ்வாய்

மழை. இரண்டு வாரத்தில் பாதி போய்விட்டது.

பவானி அத்தைக்கு உடம்பு சரியில்லை. அஞ்சு நாளாக யாரையும் வையவில்லை. வயிறு உப்பி, கண் சிவந்து, மருந்து எடுக்கத் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போய் வந்தார். பலன் இல்லை. நாலு மணிக்கு எங்கள் இஸ்தோப்புக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எந்தப் பக்கம் மைக்கு?"

காட்டினேன்.

"சரி. எது வந்தாலும் வரட்டும். என்னால முடியலடி."

ஆரம்பித்தார். முதலில் கணக்கப்பிள்ளை. பிறகு கூரை, தகரம் அளந்த ஆள். அங்கிருந்து தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை, பெரிய தொரையின் அம்மா, அவர்களுடைய நாய். கடைசியில் கொழும்பு மேடமும். பத்து நிமிஷம், மூச்சு விடாமல். (பே. சுத்தமான பே.) நான் அறியாத சொற்கள் நாலு வந்தன. அதில் இரண்டை அகராதியில் தேடினேன். இல்லை.

முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா" என்று போனார். ராத்திரி மூன்று ரொட்டி சாப்பிட்டாராம்.

அம்மா நடுங்கிப் போய்விட்டார். "ஏண்டி... ஏம்மா கண்ணு, நீயாவது காதைக் கழட்டியிருக்கலாம்ல?"

"பத்து மணி நேரம்மா."

ஜூலை 17, வியாழன்

மழை. எல்லாரும் பவானி அத்தையைச் சுகமில்லாத ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறார்கள். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. "22 வரைக்கும் பொறு" என்கிறார்கள். பே: அரை மணி நேரம். ஐந்து நாள்தான் இருக்கிறது. படிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. இதற்கு வீட்டில் காதைக் கழற்றிவிட்டு நல்ல நாவல் ஒன்றையாவது முடித்திருக்கலாம்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயில் ஸ்பீக்கர் விடியலிலிருந்து. மெஷின் அதை இசை என்று எடுக்குமா, இரைச்சல் என்று எடுக்குமா? எனக்கே தெரியவில்லை.

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பத்தரைக்கு ஜீப் வந்தது. ஜீப் லயத்துக்கு ஏறி வருவது வருஷத்தில் இரண்டு மூன்று தடவை. சின்ன தொரை இறங்கினார், கூடவே டெங்கு செக் பண்ணுகிறவர். பூ கட்டிக்கொண்டிருந்த பவானி அத்தை, ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து நேரே போய்ச் சின்ன தொரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தொரை, அன்னைக்கு அந்த மெஷின்ல பேசினது நாந்தாங்க. கோவத்துல வந்துருச்சு. வயித்து வலி வேற. மத்தது இருந்தா இருக்கட்டும், பெரிய தொரையோட அம்மாவைப் பத்திச் சொன்னதை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க."

சின்ன தொரை இளம் ஆள், வந்து இரண்டு மாதம். "மொக்கத மே கியன்னே?" இவர் என்ன சொல்கிறார் என்று டெங்கு ஆளைக் கேட்டார். டெங்கு ஆள் கையிலிருந்த சிரட்டையைப் பார்த்தார். அதில் தண்ணீர் இருந்தது.

"என்ன மெஷின்? என்ன சொன்னது?" என்று தொரை தமிழில் கேட்டார்.

அத்தையின் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கண் மெல்லப் பெரிதானது. அவர் சுற்றிலும் பார்த்தார், நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"கூரை ஒழுகுதுன்னு சொன்னேங்க தொரை."

சின்ன தொரை அண்ணாந்து பார்த்துவிட்டு நோட்புக்கில் எழுதினார். எழுதினதைச் செய்வார்களா தெரியாது. சிரட்டைகளைக் கவிழ்க்கச் சொல்லிவிட்டு ஜீப் இறங்கிப் போனது.

வளைவில் ஜீப் மறைகிற வரைக்கும் யாரும் பேசவில்லை. பிறகு அத்தை திரும்பினார்.

"அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது!"

அதற்குப் பிறகு ஸ்பீக்கர் பாடியதே கேட்கவில்லை. ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த பேச்சு ஒரே நேரத்தில் அவிழ்ந்தது. கடைசிக் காம்பரா அண்ணி வாசலிலேயே நின்று அண்ணனை வைதார். மத்தியானம் அம்மா: "ஏய் மூதேவி, அடுப்புல சோறு பொங்குறது தெரியாம அங்க என்னாடி வாய் பாக்குற?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் என்று சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

மழை, ஆனால் யார் கவனித்தார்கள்?

நேற்று 13 மணி நேரம். இன்று 14. எல்லாரும் எங்கள் இஸ்தோப்புக்கே வந்து பேசுகிறார்கள். "புள்ளைக்குப் பேச்சு வேணுமாம்" என்று புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. கேட்டவை: யார் யாரோடு ஓடிப்போகப் பார்த்தது, எந்தக் கங்காணிக்கு எந்த வியாதி, நந்தா அக்கா அன்றைக்குச் சொல்ல வந்தது (பக்கத்துக் கடை பருப்பில் கல்). தலை வலி. சந்தோஷமான தலை வலி.

ஒன்று மட்டும் சரியில்லை. மடுவத்தில் கணக்கப்பிள்ளை மறுபடி "எருமை"க்குத் திரும்பிவிட்டார். கூடையைப் போட்ட அக்கா என்னிடம் வந்து, "உண்மைய ஏன் புள்ள படியேறி நின்னு சொல்லித் தொலைச்ச?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வாரம் அவரை யாரோ "வாங்கம்மா" என்று கூப்பிட்டார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

கொழும்பு. வெயில். புதுக் குடை பத்திரம்.

மேடம் கோடுகளைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "முதல் கிழமை கோயில் மடம் மாதிரி. வெள்ளிக்கிழமையிலிருந்து சந்தை. என்ன பிள்ளை நடந்தது?"

அப்பா கூரையைப் பார்த்தார். நான் சொன்னேன். மேடத்தைப் பற்றி அத்தை சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். மேடம் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்தார். நல்ல நேரம் என்று தோன்றியதால், சாயங்காலம் கழற்றுவது படிப்பதற்காக என்பதையும் சொல்லிவிட்டேன்.

"பத்து மணித்தியாலம் முடிஞ்சால் மிச்சம் உம்மட பாடு. கழட்டிப்போட்டு வாசியும். அது பிழை இல்லை."

இவ்வளவுதானா! இத்தனை வருஷம் ஒளித்து வைத்திருந்தேன்.

பிறகு பேச்சுச் சோதனை, பின்னாலிருந்து, விசிறி போட்டு. இருபதில் பதினேழு. கடிதம் எழுதி ஒட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது அப்பா மட்டும் வாசலில் நின்று மெதுவாக, "மேடம், நாங்க வீட்டுல பேசினது எதுவும்..." என்றார்.

"இல்லையே. ஏன்?"

"சும்மா கேட்டேங்க."

ஜூலை 25, வெள்ளி

டவுன் ஸ்கூல். மழை, ஆனால் அங்கே ஓட்டுக் கூரை. மழை இப்படியும் பெய்யுமா?

வைஸ் பிரின்சிபல் கடிதத்தைப் படித்தார். என் பக்கம் குனிந்து, "உன்... பேர்... என்ன!" என்று கத்தினார். அப்பாவே அதிர்ந்தார்.

"சுகன்யா சேர். மெதுவாப் பேசினாத்தான் நல்லா வெளங்கும்."

என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். பின்னால் நின்று நேர அட்டவணையை வாசித்தார். பக்கத்து ஹாலில் பாண்ட் பிராக்டிஸ். (இ.பே, கடினம்.) ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். புதன்கிழமை மூன்றாம் பாடத்தில் டிரம் விழுந்தது.

"சேர், அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

இடம் போச்சு என்று நினைத்தேன்.

"வகுப்புலயும் இப்படி எழும்பிக் கேப்பியா?"

"கேப்பேன் சேர்."

"கேக்கணும்" என்றார். பேனா கீறுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா ஆபீஸில் பணம் கட்டுகிற நேரம் லைப்ரரிக்குப் போனேன். ஆறு அலுமாரி. எல்லாவற்றுக்கும் சாவி இருக்கிறது. லைப்ரரி மிஸ், "உள்ளே பேசக் கூடாது" என்றார். மூலையில், ஜன்னலுக்குப் பக்கத்து மேசை. இன்றைக்குப் பத்து மணி நேரம் எப்படியும் ஆகிவிடும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கையை வட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

பின் மேசையில் ஏ.எல். அக்காமார் இரண்டு பேர்.

"ஷ்ஷ், முன்னால ஆள் இருக்கு."

"அதுக்குக் காது கேக்காதுடி, மெஷின் போட்டிருக்கு பாரு. நீ சொல்லு. சேர் அப்புறம் என்ன பண்ணினார்?"

மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கையைத்தான்.